பெற்றோர் நிரப்ப வேண்டிய பகுதி

டெய்லர்: ஆடாம நில்லும்மா. மூச்சை ஏன் பிடிச்சுக்கிட்டு நிக்கிற? கால் அளக்கிறதுக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்?

மகள்: தானா நின்னுபோகுதுப்பா. எவ்வளவு இருக்கு?

டெய்லர்: நாப்பதே முக்கால்.

மகள்: காலைல நாப்பதுன்னீங்களே!

டெய்லர்: அது வேற டேப்பு, இது வேற டேப்பு.

மகள்: அய்யோ அப்பா! நாளைக்கு ஏர்ஃபோர்ஸ் மெடிக்கல்ல ஸ்டீல் ஸ்கேல் வச்சு அளப்பாங்க. உங்க டேப்பு எல்லாம் இருபத்தஞ்சு வருஷமா ஊர்த் தொப்பையைச் சுத்திச் சுத்தி, அதுவே ஒரு இஞ்ச் வளந்து கிடக்கு.

டெய்லர்: தொழிலைப் பழிக்காத. இந்த டேப்புதான் உன்னைப் படிக்க வச்சது.

மகள்: பழிக்கலை. பயமா இருக்கு. அதுவும் டெய்லர் அளக்கிற மாதிரி இடுப்புப் பட்டியிலேர்ந்து அளக்க மாட்டாங்கப்பா. உட்கார வச்சு, முதுகைச் சுவத்துல ஒட்டி, அங்கேர்ந்து குதிகால் வரைக்கும் அளப்பாங்க. குட்டையா இருந்தா பெடல் எட்டாது. நீளமா இருந்தா முட்டி இடிக்கும்.

டெய்லர்: எதுல இடிக்கும்?

மகள்: முன்னாடி இருக்கிற போர்டுல. ஆபத்துன்னா சீட்டோட மேல தூக்கி எறியும்ல, அப்போ...

டெய்லர்: என்னது? தூக்கி எறியுமா?

மகள்: பாராசூட் இருக்கும்பா.

டெய்லர்: இதை ஏன் மூணு வருஷமா என்கிட்ட சொல்லவே இல்ல?

மகள்: சொல்லியிருந்தா மூணு வருஷமும் இப்படித்தான் வாயைப் பிளந்துக்கிட்டு நின்னிருப்பீங்க. சரி, மணி என்ன?

டெய்லர்: நாலு. ஆறு மணிக்குத்தானே ரயிலு. உங்கம்மா ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா ஸ்டேஷனுக்கு வந்துருவேன்னு சொல்லிட்டா. உங்க சித்திக்குத் தையல் பிரிச்சாச்சாம், இனி பயமில்லையாம்.

மகள்: அம்மா இருந்திருந்தா இந்நேரம் என்னை நாலு திட்டு திட்டி உட்கார வச்சிருப்பாங்க. ரெண்டு நாளா வீடே வீடா இல்ல.

டெய்லர்: கடையும் கடையா இல்ல.

மகள்: நாடியைப் பாருங்கப்பா. தொண்ணூத்தாறு. நாளைக்கு அங்கேயும் இப்படியே அடிச்சுதுன்னா?

டெய்லர்: அடிக்காம இருந்தாத்தான் கவலைப்படணும். உட்காரு. தண்ணி குடி. பரீட்சையில தேறிட்ட. அஞ்சு நாள் வச்சு உருட்டிப் புரட்டிக் கேள்வி கேட்டாங்களே, அதுலயும் தேறிட்ட. மிச்சம் இந்த மெடிக்கல் ஒண்ணு. யானையே போயிருச்சு, வாலுதான் மிச்சம்.

மகள்: வாலுலதான்பா மாட்டிக்கும். இது மூணாவது தடவை. இதுக்கு மேல எழுத எனக்கு வயசும் இல்ல. திருப்பி அனுப்பிட்டா அப்புறம் நான் என்ன பண்ணுவேன்னே எனக்குத் தெரியலை.

டெய்லர்: அப்படி எல்லாம் ஆகாது... ஆமா, கண்ணுல என்னென்ன பாப்பாங்க?

மகள்: இதோட அஞ்சாவது தடவை கேக்கிறீங்க.

டெய்லர்: ஆறாவது தடவையும் சொல்லேன். காசா பணமா?

மகள்: தூரத்து எழுத்து. பக்கத்து எழுத்து. கண்ணுக்குள்ள லைட் அடிச்சுப் பாக்கிறது.

டெய்லர்: அப்புறம்?

மகள்: அப்புறம் கலர்.

டெய்லர்: ம்... அந்த எதிர்ல நிக்குதே ஒரு வேன். அது என்ன கலரு?

மகள்: ஏன்பா, உங்களுக்குத் தெரியலையா?

டெய்லர்: வெயில்ல கண்ணு கூசுது. நீ சொல்லேன்.

மகள்: பச்சை.

டெய்லர்: அதுக்குப் பின்னாடி தொங்குதே துணி?

மகள்: அதுவும் ஒரு மாதிரி பச்சைதான். ஏன், வேன்காரர் பேண்ட் தைக்கக் குடுத்திருக்காரா?

டெய்லர்: சும்மா கேட்டேன். சரி... சரி, நல்லது.

மகள்: நாலு நாளா உங்களுக்கு என்னமோ ஆயிருச்சு. வாளி என்ன கலரு, வானம் என்ன கலருன்னு... எனக்கு மேல நீங்க பதறுறீங்க. வாங்க, முதல்ல இந்த ஃபாரத்தை முடிங்க. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு கேட்லயே வாங்கிருவாங்க. நாலாவது பக்கம் உங்களுக்கு.

டெய்லர்: எனக்கா? நானா பறக்கப் போறேன்?

மகள்: 'பெற்றோர் நிரப்ப வேண்டிய பகுதி'ன்னு போட்டிருக்குல்ல. அப்பாவோ அம்மாவோ ஒருத்தர் எழுதினா போதும். 'விண்ணப்பதாரரின் தாய், தந்தை எவருக்கேனும் கீழ்க்காணும் குறைபாடுகள் உண்டா?' நான் படிக்கிறேன், நீங்க எழுதுங்க. உங்க கையெழுத்துலதான் இருக்கணும். வலிப்பு நோய்?

டெய்லர்: இல்லை.

மகள்: இதய நோய்?

டெய்லர்: உங்கம்மாவைக் கட்டினதுக்கு இந்நேரம் வந்திருக்கணும். இல்லை.

மகள்: எழுதுங்க, ஜோக்கு அப்புறம். ஆஸ்துமா?

டெய்லர்: இல்லை.

மகள்: நிறப்பார்வைக் குறைபாடு?

டெய்லர்: பேனா எழுத மாட்டேங்குது.

மகள்: இப்பத்தானே எழுதுச்சு?

டெய்லர்: அதை அப்புறம் பாக்கலாம். அடுத்தது என்ன?

மகள்: அடுத்தது எதுவும் இல்ல. அதுதான் கடைசி. அதுக்குக் கீழே கையெழுத்து.

டெய்லர்: ம்... யாரோ வர்றாங்க பாரு.

இஸ்திரிக்காரர்: மாஸ்டர்! பைலட்டம்மா பேண்ட்டு ரெடி. மடிப்பு பாருங்க, கத்தி மாதிரி நிக்குது. கை வச்சா அறுத்துரும்.

டெய்லர்: வாப்பா, வா. நல்ல நேரத்துல வந்த. அப்படி வை.

இஸ்திரிக்காரர்: வைக்கிறேன். ஆனா ஒண்ணு கேக்கணும் மாஸ்டர், தப்பா நெனைக்காதீங்க. இது என்ன புது ஃபேஷனா?

டெய்லர்: எது?

இஸ்திரிக்காரர்: சாம்பல் கலர் பேண்ட்டுல ரோஸ் நூலு! பாக்கெட்டு ஓரம், ஜிப்பு ஓரம், கீழே மடிச்சுத் தைச்ச இடம், எல்லாமே ரோஸ். பட்டாளத்துக்குப் போற பொண்ணு பேண்ட்டு மாதிரியா இருக்கு? பொறந்தநாள் கேக் மாதிரி இருக்கு.

டெய்லர்: அது... அது வந்துப்பா...

மகள்: நான்தான்ணே போடச் சொன்னேன்.

இஸ்திரிக்காரர்: நீயா?

மகள்: ஆமா. எல்லாரும் ஒரே மாதிரி வருவாங்கல்ல. கொஞ்சம் வித்தியாசமா இருக்கட்டும்னு.

இஸ்திரிக்காரர்: அடேயப்பா! அங்க வித்தியாசத்துக்கா மார்க் போடுறாங்க?

மகள்: அண்ணே... ரொம்பத் தெரியுதா?

இஸ்திரிக்காரர்: தெரியுதாவா? தெரு முனையிலேர்ந்து தெரியுது! ஏன், நீ போட்டுப் பாக்கலையா?

மகள்: பாத்தேன். பாத்தேன், பாத்தேன். சும்மா கேட்டேன்.

இஸ்திரிக்காரர்: உனக்குப் பிடிச்சா சரி. நான் பழைய ஆளு. நல்லபடியா போயிட்டு வாம்மா. மேலேர்ந்து போறப்ப நம்ம தெருவுக்கு ஒரு கை காட்டு. வர்றேன் மாஸ்டர். என்ன, மூஞ்சி வேர்த்துக் கொட்டுது? ஃபேனைப் போடுங்க.

டெய்லர்: ம்... வா.

மகள்: நான் ஃபேனைப் போடுறேன்பா.

டெய்லர்: போயிட்டானா?

மகள்: போயிட்டாரு.

டெய்லர்: ஏம்மா அப்படிச் சொன்ன?

மகள்: எப்படி?

டெய்லர்: நீதான் ரோஸ் போடச் சொன்னேன்னு. நீ நூலைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தைகூடப் பேசலையே.

மகள்: அது... அவர் முன்னாடி நீங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னீங்க. எனக்குத் தாங்கலை.

டெய்லர்: அப்ப உனக்குத் தெரியும்.

மகள்: என்ன?

டெய்லர்: என்னைப் பத்தி. என் கண்ணைப் பத்தி.

மகள்: எப்பவோ தெரியும்பா. டப்பா டப்பாவா அம்மா நம்பர் எழுதி ஒட்டி வச்சிருக்கிறது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? எந்த டெய்லர் கடையில நூலுக்கு நம்பர் இருக்கு? பட்டன் தேடும்போது நீங்க அம்மாவைப் பாப்பீங்க, அம்மா விரலால காட்டுவாங்க. நான் சின்னப் பிள்ளையிலேர்ந்து பாக்கிறேன்.

டெய்லர்: அடக் கடவுளே. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டேன்னு நான்தான் நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

மகள்: விடுங்கப்பா.

டெய்லர்: விடுறதுக்கு இல்லம்மா. எனக்கு இருபத்தோரு வயசு அப்போ. ரயில் ஓட்டுற வேலைக்கு எழுதிப் போட்டேன். பரீட்சை முடிஞ்சுது, ஓட்டம் முடிஞ்சுது. கடைசியா ஒரு இருட்டு ரூமு. தூரத்துல பொடிப் பொடியா விளக்கு. இது என்ன கலரு, அது என்ன கலருன்னு ஒருத்தர் கேட்டாரு. நான் நல்லா சத்தமா, தெம்பா சொன்னேன். அவர் பேனாவை மூடி வச்சுட்டாரு.

மகள்: அவ்வளவுதானா?

டெய்லர்: அவ்வளவுதான். 'தம்பி, நீ பச்சைன்னு சொன்னது எல்லாம் சிவப்பு. நீ வண்டி எடுத்தா பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்க வீடு போய்ச் சேர மாட்டாங்க'ன்னாரு. அதுவரைக்கும் எனக்கே தெரியாது. கண்ணு கெட்டவனுக்குக் கண்ணு கெட்டதுன்னு எப்படித் தெரியும்? அவன் பாக்கிறதுதானே அவனுக்கு உலகம். வெளிய எங்கப்பா நின்னுக்கிட்டு இருந்தாரு. நெஞ்சளவு பத்தலையாம்னு சொல்லிட்டேன்.

மகள்: தாத்தாகிட்ட உண்மையைச் சொல்லவே இல்லையா?

டெய்லர்: யார்கிட்டயும் சொல்லலை. உங்கம்மா கல்யாணம் ஆன மூணாம் மாசமே கண்டுபிடிச்சா. வாயைத் திறந்து ஒண்ணும் கேக்கலை. மறுநாள் உட்கார்ந்து நம்பர் எழுதி ஒட்டிட்டா. ஒண்ணு வெள்ளை, ரெண்டு கறுப்பு, பதினாலு சாம்பல், பதினஞ்சு ரோஸ்... அன்னையிலேர்ந்து கத்திரி எனக்கு, கலரு அவளுக்கு. இத்தனை வருஷத்துல ஒரு நாள் தப்பினதில்ல. இன்னைக்கு அவ இல்லாம ஒரே ஒரு பேண்ட்டு தைச்சேன்...

மகள்: பதினாலும் பதினஞ்சும் பக்கத்து டப்பாதானேப்பா. கை மாறியிருக்கும். விடுங்க.

டெய்லர்: உனக்கு மெடிக்கலுக்கு ஆர்டர் வந்த அன்னைக்கு எல்லாரும் ஸ்வீட் சாப்பிட்டீங்க. நான் கண் டாக்டரம்மாவைப் பாக்கப் போனேன்.

மகள்: எதுக்கு?

டெய்லர்: எனக்கு இருக்கிறது உனக்கு வருமான்னு கேக்க. சாதாரணமா பொண்ணுங்களுக்கு வராதுன்னாங்க. அப்பாடான்னு எழுந்தேன். 'அம்மா வழியிலயும் இருந்தாத்தான் வரும்'னு ஒரு வார்த்தை சேத்தாங்க பாரு... உங்கம்மா யாரு? என் மாமன் பொண்ணு. எனக்கு அம்மா வழி, அவளுக்கு அப்பா வழி, ரெண்டும் ஒரே வீடு.

மகள்: அதுக்குத்தான் வேன் என்ன கலரு, வாளி என்ன கலருன்னு...

டெய்லர்: ஆமா. நீயும் டக்கு டக்குன்னு பதில் சொல்ற. சரியா தப்பான்னு பாக்க எனக்குக் கண்ணு வேணாமா? வாத்தியாருக்கே விடை தெரியாத பரீட்சை. யாரையாவது கூப்பிட்டுக் கேக்கலாம்னா, ஏன் மாஸ்டர் உங்களுக்குத் தெரியலையான்னு கேப்பாங்க.

மகள்: என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமேப்பா.

டெய்லர்: தைரியம் வரலை. ஆனா இப்போ... இப்போ இந்த இஸ்திரிக்காரன் வந்து கத்தினான் பாரு, முதல்ல எனக்கு உசிரே போச்சு. அடுத்த நிமிஷம் திரும்பி வந்துருச்சு.

மகள்: எப்படி?

டெய்லர்: நீ காலைல அதைப் போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னாடி கால் மணி நேரம் நின்ன. முன்னாடி பாத்த, பின்னாடி திரும்பிப் பாத்த. 'பிரமாதம்ப்பா'ன்ன. ரோஸைப் பாத்துட்டு, அப்பன் மனசு நோகக் கூடாதுன்னு முழுங்கிட்ட. அப்படித்தானே?

மகள்: எதுக்குப்பா இப்ப அது?

டெய்லர்: சொல்லும்மா. அப்படித்தானே?

மகள்: ம்... அப்படித்தான்.

டெய்லர்: அப்பாடா! இது போதும் எனக்கு. நாலு நாளா நெஞ்சுல கிடந்த கல்லு இறங்கிருச்சு. எங்க அந்த ஃபாரம்? பேனாவைக் குடு.

மகள்: எதுக்கு?

டெய்லர்: கடைசி வரியை நிரப்ப வேணாமா? 'நிறப்பார்வைக் குறைபாடு: தந்தைக்கு உண்டு'.

மகள்: வேணாம்ப்பா!

டெய்லர்: ஏன்?

மகள்: இல்லைன்னு போடுங்க. யார் வந்து பாக்கப் போறாங்க? உங்களை டெஸ்ட்டா பண்ணப் போறாங்க?

டெய்லர்: கீழே படிச்சுப் பாத்தியா? தவறான தகவல்னு தெரிஞ்சா எந்த நிலையிலும் நீக்கப்படுவார்னு எழுதியிருக்கு. நீ பறக்கக் கத்துக்கிட்டு, தோள்ல பட்டையெல்லாம் குத்தினப்புறம், எவனாவது ஒருத்தன் 'இவ அப்பன் கலர் தெரியாத டெய்லரு'ன்னு எழுதிப் போட்டா? என்னால நீ கீழே இறங்கணுமா?

மகள்: அப்படி யாரும் எழுத மாட்டாங்கப்பா. நீங்க உண்டுன்னு போட்டீங்கன்னா என்னைத் தனியா கூப்பிடுவாங்க. எல்லாருக்கும் புத்தகத்துல இருக்கிற அந்தப் புள்ளி நம்பர் படத்தைக் காட்டிட்டு விட்டுருவாங்க. எனக்கு மட்டும் அந்த விளக்கு டெஸ்ட்டும் வைப்பாங்க.

டெய்லர்: வைக்கட்டுமே! உனக்கென்ன? மடியில கனமில்ல, வழியில பயமில்ல. ராணி மாதிரி சொல்லிட்டு வா.

மகள்: வேணாம்ப்பா, கெஞ்சிக் கேக்கிறேன். கடை என்னாகும்னு யோசிச்சீங்களா? தெருவுல தெரிஞ்சா யாரு துணி குடுப்பாங்க?

டெய்லர்: இதுவரைக்கும் கடைக்காகத்தானே மறைச்சேன். இன்னைக்கு உனக்காகச் சொல்றேன். கையை எடும்மா.

மகள்: அப்பா, பேனாவைக் குடுங்க...

டெய்லர்: கையை எடு. பேப்பர் கிழிஞ்சிரும். 'த... ந்... தை... க்... கு... உண்டு.' கையெழுத்து... தேதி. முடிஞ்சுது. உங்கம்மாகிட்ட ஸ்டேஷன்ல சொல்லணும். சந்தோஷப்படுவா. ஏன் அப்படியே உட்கார்ந்துட்ட? பையை எடுத்து வை. பேண்ட்டைக் குடு, அரை மணி நேரத்துல பிரிச்சுட்டு சாம்பல் நூல் போட்டுத் தர்றேன். நீ பக்கத்துல நின்னு கலரைச் சொல்லு.

மகள்: நான் வேணாம்ப்பா. இஸ்திரி அண்ணனைக் கூப்பிடுங்க.

டெய்லர்: அவன் எதுக்கு? அவனுக்கு இருக்கிற வாய்க்கு... ஆமா, எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை.

மகள்: என்ன?

டெய்லர்: கை மாறிப் போச்சுன்ன. மாறலைம்மா. பதினாலாம் நம்பர் டப்பாவைத்தான் திறந்தேன். ரெண்டு தடவை விரல் வச்சுப் படிச்சுட்டுத்தான் திறந்தேன். எனக்கு அது ஒண்ணுதானே துணை. அதுக்குள்ள ரோஸ் எப்படி வந்துச்சு? உங்கம்மா தூக்கத்துல வச்சாலும் மாத்தி வைக்க மாட்டா. அவ ஊர்ல இல்லாத இந்த ரெண்டு நாளும் இந்த ரேக்கை யாரும் தொடவே இல்லையே... ஏம்மா? ஏம்மா அழுற? எனக்காகவா? பைத்தியம், எனக்கு ஒரு அவமானமும் இல்ல...

மகள்: நேத்து நீங்க சாப்பிடப் போனப்ப பெருக்கும்போது என் கை பட்டு டப்பா எல்லாம் கீழே கொட்டிருச்சுப்பா. உங்களுக்குத் தெரிஞ்சா பதறுவீங்கன்னு, ஒவ்வொரு நூலா எடுத்து, வாசல் வெளிச்சத்துல கலர் பாத்துப் பாத்து, அந்தந்த டப்பாவுல திருப்பி வச்சது நான்தாம்ப்பா.